இடுப்பின் பக்கவாட்டுத் தசைநாண் வலிக்கு எந்த ஊசி?

கேள்வி இதுதான்: 56 வயதான தாயாருக்கு ஒன்றரை ஆண்டாக வலது இடுப்பின் வெளிப்பக்கத்தில் வலி; அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை, மாடிப்படி ஏறினால் வலி கூடுகிறது. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ‘குளூட்டியஸ் மீடியஸ் தசைநாணில் சிதைவு, சிறு பகுதிக் கிழிசல்’ என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டு முறை ஸ்டீராய்டு ஊசி போட்டும் ஒவ்வொரு முறையும் சில வாரங்களுக்கே நிம்மதி கிடைத்தது. சர்க்கரை நோயும் உண்டு. இப்போது ஒரு மருத்துவர் பி.ஆர்.பி. ஊசியை (நோயாளியின் சொந்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும், தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மா) சொல்கிறார், இன்னொருவர் ஊசியால் தசைநாணைத் துளையிட்டால் போதும் என்கிறார், அமெரிக்காவில் இருக்கும் உறவினரோ மீயொலிக் கருவியால் செய்யும் சிகிச்சையைப் பரிந்துரைக்கிறார். இவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றாவது ஸ்டீராய்டு ஊசி வேண்டாம். பி.ஆர்.பி.க்கும் வெறும் ஊசித் துளையிடலுக்கும் இடையில் விளம்பரங்கள் காட்டும் அளவுக்கு வேறுபாடு இருப்பதாக இன்றுள்ள ஆய்வுகள் நிறுவவில்லை. தாயார் இதுவரை முறையான உடற்பயிற்சிச் சிகிச்சையை இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து செய்யவில்லை என்றால், எந்த ஊசிக்கும் முன்னால் அதுவே வர வேண்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாக விளக்க வேண்டியிருக்கிறது.

தொடை எலும்பின் மேல்பகுதியில், இடுப்பின் வெளிப்பக்கம் கைவைத்தால் தட்டுப்படும் கெட்டியான புடைப்பில்தான் குளூட்டியஸ் மீடியஸ், குளூட்டியஸ் மினிமஸ் என்ற இரண்டு புட்டத் தசைகளின் நாண்கள் வந்து ஒட்டுகின்றன. ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பெலும்பு மறுபக்கம் சரிந்துவிடாமல் பிடித்து வைப்பவை இவையே; நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் ஒரு கணம் நாம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம் என்பதால், இவற்றுக்கு ஓய்வென்பதே குறைவு. இந்த நாண்களுக்கும் அவற்றின் மேல் செல்லும் அகன்ற தசையுறைப் பட்டைக்கும் நடுவே ஒரு சிறு நீர்ப்பை இருக்கிறது. பல பத்தாண்டுகளாக இந்த வலிக்கு அந்த நீர்ப்பையின் அழற்சியே காரணம் என்று கருதி, அதற்குள் ஸ்டீராய்டு செலுத்துவதே வழக்கமாக இருந்தது. அல்ட்ராசவுண்டு பரவலான பிறகு படம் மாறியது. இவ்வகை வலியோடு வந்த 877 பேரின் ஸ்கேன்களை ஆராய்ந்து 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஏறத்தாழ 80 விழுக்காட்டினருக்கு நீர்ப்பை அழற்சியே இல்லை. பாதிப்பேருக்குத் தசைநாண் சிதைவு இருந்தது. ஆகவே நாம் எதிர்கொள்வது பெரும்பாலும் வீக்கத்தை அல்ல, பழைய தேர்வடத்தைப் போல உள்ளிழைகள் நைந்துபோன ஒரு நாணை. நாற்பது வயதைத் தாண்டிய பெண்களிடம், அதிலும் மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டி, இது மிகுதியாகக் காணப்படுகிறது.

இந்த அடிப்படையை மனத்தில் வைத்துக்கொண்டால் ஊசிச் சிகிச்சைகள் இரண்டு வகையாகப் பிரிந்து நிற்பது தெரியும். வலியையும் அழற்சியையும் அடக்குவது ஒருவகை; ஸ்டீராய்டு அதைச் சேர்ந்தது. நாள்பட்டு முடங்கிப்போன நாணில் வேண்டுமென்றே சிறு காயம் உண்டாக்கி, உடல் தன் ஆறும் வேலையை மீண்டும் தொடங்கும்படி தூண்டுவது மற்றொரு வகை. ஊசித் துளையிடல், பி.ஆர்.பி., மீயொலிக் கருவி ஆகிய மூன்றும் இதில் அடங்கும். முதல் வகைக்கும் இரண்டாம் வகைக்கும் நோக்கமே வேறு என்பதால், ‘எது வேகமாகக் கேட்கும்’ என்ற ஒரே கேள்வியை எல்லாவற்றுக்கும் பொதுவாகக் கேட்பது சரியான விடையைத் தராது.

ஸ்டீராய்டைப் பற்றி நமக்கு நல்ல தரவுகள் உள்ளன, அவை ஒரே திசையைக் காட்டுகின்றன. 2009இல் வெளியான ஓர் ஆய்வில் 229 நோயாளிகளை ஸ்டீராய்டு ஊசி, வீட்டுப் பயிற்சி, அதிர்வலைச் சிகிச்சை என்று மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு மாதத்தில் ஸ்டீராய்டு பெற்றவர்களில் 75 விழுக்காட்டினர் தேறியிருந்தார்கள், பயிற்சிக் குழுவில் வெறும் 7 விழுக்காடு. அதே நோயாளிகளை 15 மாதம் கழித்துப் பார்த்தபோது ஸ்டீராய்டுக் குழு 48 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்தது, பயிற்சிக் குழு 80 விழுக்காட்டுக்கு ஏறியிருந்தது. உங்கள் தாயார் இரண்டு முறை அனுபவித்ததும் இதே வளைவுதான்: வேகமாக ஏறி, வேகமாக இறங்குவது. ஆஸ்திரேலியாவில் 204 பேரைக் கொண்டு நடத்தி 2018இல் வெளியிட்ட ‘லீப்’ ஆய்வு இன்னும் கறாரானது. அதில் எட்டு வாரத்தில் அறிவுரையும் பயிற்சியும் பெற்றவர்களில் சுமார் 77 விழுக்காடு, ஒரே ஒரு ஸ்டீராய்டு ஊசி பெற்றவர்களில் 58, எதுவும் செய்யாமல் பொறுத்திருந்தவர்களில் 29 விழுக்காடு என்ற அளவில் தேற்றம் இருந்தது. ஓராண்டு முடிவில் பயிற்சிக் குழு 79 விழுக்காட்டில் நிலைத்திருக்க, ஸ்டீராய்டுக் குழுவும் பொறுத்திருந்த குழுவும் முறையே 58, 52 என்று ஒன்றையொன்று நெருங்கி நின்றன.

ஆகவே ஸ்டீராய்டு பயனற்றது என்று நான் சொல்லவில்லை. இரவில் தூக்கமே இல்லாத ஒருவருக்கு, பயிற்சியைத் தொடங்கக்கூட முடியாத வலியில் இருப்பவருக்கு, ஒரு முறை போட்டுச் சில வாரம் அவகாசம் வாங்கிக்கொள்வதில் தவறில்லை. அந்த அவகாசத்தில் பயிற்சியைத் தொடங்காமல் வலி போய்விட்டது என்று பழைய வேலைகளுக்கெல்லாம் திரும்புவதில்தான் சிக்கல். மீண்டும் மீண்டும் போடும்போது நாணின் வலிமை குறையக்கூடும் என்ற கவலையும் ஆதாரமற்றது அல்ல. உங்கள் தாயாரைப் பொறுத்தவரை இன்னும் இரண்டு காரணங்கள் சேர்கின்றன. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்த ஊசிக்குப் பின் சில நாள்கள், சிலருக்கு ஒரு வாரம் வரை, ரத்தச் சர்க்கரை கணிசமாக உயரும். மருந்து தோலடிக் கொழுப்பில் கசிந்தால் அந்த இடம் குழிவிழுந்து வெளிறிப்போவதும் உண்டு. நம்மைப் போன்ற கறுத்த மேனியில் அந்த வெள்ளைத் திட்டு மாதக்கணக்கில் பளிச்சென்று தெரியும். இதைப் பல இடங்களில் முன்கூட்டிச் சொல்வதில்லை.

இனி இரண்டாம் வகை. இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். ‘ட்ரை நீடிலிங்’ என்று பிசியோதெரபி மையங்களில் செய்வது, அக்குபங்சரில் பயன்படும் மெல்லிய, துளையில்லாத ஊசிகளைத் தசையின் இறுகிய இடங்களில் செலுத்துவது. அதற்கு ஸ்கேன் தேவைப்படுவதில்லை. 2017இல் வெளியான, 43 பேர் பங்கேற்ற அமெரிக்க ஆய்வொன்றில் இது ஆறு வார அளவில் ஸ்டீராய்டு ஊசிக்குக் குறைந்ததாக இல்லை என்று கண்டார்கள். நல்ல செய்திதான், ஆனால் ஆறு வாரத்தைத் தாண்டி அது எதையும் சொல்லவில்லை. மருத்துவர் உங்களிடம் ‘துளையிடல்’ என்று சொன்னது பெரும்பாலும் வேறொன்று: அல்ட்ராசவுண்டு திரையைப் பார்த்துக்கொண்டே சற்றுத் தடித்த ஊசியை நாணின் சிதைந்த பகுதிக்குள் கொண்டுசென்று, இருபது முப்பது முறை முன்னும் பின்னுமாகக் குத்துவது. அவர் எதைச் சொன்னார் என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

துளையிடல் நடப்பதை அருகிலிருந்து பார்த்தால் அது எவ்வளவு எளிய செயல் என்பது வியப்பாக இருக்கும். நோயாளி வலியில்லாத பக்கமாக ஒருக்களித்துப் படுக்கிறார், முழங்கால்களுக்கு நடுவே தலையணை. தோலையும் அடித்திசுவையும் மரத்துப்போகச் செய்த பிறகு ஊசி உள்ளே இறங்குகிறது. திரையில் அது பளிச்சென்ற வெள்ளைக் கோடாகவும், நோயுற்ற நாண் சுற்றியிருக்கும் இழைக்கட்டமைப்பை இழந்த கருமையான பகுதியாகவும் தெரியும். தொடக்கத்தில் சில குத்துகளில் கைக்கு நறநறவென்ற தடுப்புத் தெரியும். போகப் போக அது இளகும். பல மருத்துவர்கள் நிறுத்துவதற்கான அடையாளமாகக் கொள்வது இந்த இளக்கத்தையே. மொத்தமே சில நிமிட வேலை. மருந்து எதுவும் மிஞ்சுவதில்லை, செலவும் ஸ்கேனுக்கும் மருத்துவரின் கைத்திறனுக்கும் உரியதாக மட்டுமே இருக்கும்.

பி.ஆர்.பி. இதற்கு ஒரு படி மேலே ஏற முயல்கிறது. நோயாளியின் கையிலிருந்து ரத்தம் எடுத்து, சுழல் இயந்திரத்தில் வைத்துச் சுற்றினால், அடியில் சிவப்பணுக்கள் படிந்து மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா நிற்கும். தட்டணுக்கள் செறிந்த பகுதியை மட்டும் பிரித்தெடுத்து நாணுக்குள் செலுத்துகிறார்கள். தட்டணுக்களில் காயம் ஆறுவதற்குத் துணைபுரியும் வளர்ச்சிக் காரணிகள் இருப்பது உண்மை. அவற்றைச் செறிவாக்கிக் கொடுத்தால் நாண் விரைந்து ஆறும் என்பது கருத்து. கருத்து அழகானது, ஆனால் சிகிச்சைக்கு அது போதாது, ஆய்வில் தேற வேண்டும்.

இடுப்பு நாணில் பி.ஆர்.பி.க்குச் சாதகமான வலுவான சான்று மெல்போர்னிலிருந்து 2018இல் வந்தது. சராசரியாக 14 மாதத்துக்கு மேல் வலி இருந்த 80 பேரில் பாதிப்பேருக்கு வெள்ளணுக்களும் செறிந்த பி.ஆர்.பி., பாதிப்பேருக்கு ஸ்டீராய்டு. 12 வாரத்தில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள் பி.ஆர்.பி. குழுவில் 82 விழுக்காடு, ஸ்டீராய்டுக் குழுவில் 57 விழுக்காடு. அடுத்த ஆண்டு வெளியான தொடர் அறிக்கையில், பி.ஆர்.பி. பெற்றவர்களின் முன்னேற்றம் இரண்டாண்டு வரை நிலைத்தது என்றும், ஸ்டீராய்டின் பயன் ஆறு வாரத்தில் உச்சத்தைத் தொட்டு ஆறு மாதத்துக்குள் கரைந்தது என்றும் பதிவாகியிருக்கிறது. பி.ஆர்.பி.யை விற்பவர்கள் எல்லோரும் இந்த ஆய்வையே காட்டுவார்கள், காட்டுவதிலும் நியாயம் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இங்கே பி.ஆர்.பி. வென்றது, நாள் செல்லச் செல்லத் தானாகவே தோற்றுப்போகும் ஓர் எதிராளியை. நாணுக்குள் ஊசி செலுத்தும் செயலே ஒரு துளையிடல் என்பதால், பலன் பிளாஸ்மாவால் வந்ததா, ஊசிமுனையால் வந்ததா என்பதை இந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல இயலாது.

அதைப் பிரித்துச் சொல்ல முயன்ற ஆய்வுகள் சிறியவை, ஆனால் சிந்திக்க வைப்பவை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 30 பேரை வைத்து, 15 பேருக்குத் துளையிடல் மட்டும், 15 பேருக்கு பி.ஆர்.பி. என்று செய்து 2016இல் வெளியிட்டார்கள். சுமார் மூன்று மாதத்தில் துளையிட்டவர்களில் 71 விழுக்காடும் பி.ஆர்.பி. பெற்றவர்களில் 79 விழுக்காடும் தேறியிருந்தார்கள், புள்ளியியல் நோக்கில் அது வேறுபாடே அல்ல. நியூசிலாந்தில் 2019இல் 48 பேரிடம் பி.ஆர்.பி.யை உப்புநீருடன் ஒப்பிட்டபோதும் பி.ஆர்.பி.க்கென்று தனிப் பலன் தெரியவில்லை. வேறொரு நாணில், குதிகாலின் அக்கிலிஸ் நாணில், 240 பேரைக் கொண்டு பிரிட்டனில் நடத்தி 2021இல் வெளியான பெரிய ஆய்வு, ஒரு முறை பி.ஆர்.பி. போட்டதற்கும் தோலடியில் வெறும் ஊசி குத்திப் பாசாங்கு செய்ததற்கும் ஆறு மாதத்தில் வேறுபாடு இல்லை என்று முடித்தது. அக்கிலிஸும் இடுப்பு நாணும் ஒன்றல்ல என்று வாதிடலாம். நானும் அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘பி.ஆர்.பி. நாணைப் புதிதாக வளர்த்துவிடும்’ என்ற பேச்சுக்கு இந்த முடிவுகளுக்குப் பின் இடமில்லை.

இன்னொரு நடைமுறைச் சங்கடமும் உண்டு. பி.ஆர்.பி. என்ற ஒரே பெயரில் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு பொருள் தயாராகிறது. எத்தனை மில்லி ரத்தம், எத்தனை முறை சுழற்றல், வெள்ளணுவை விடுவதா நீக்குவதா, கடைசியில் தட்டணுச் செறிவு எத்தனை மடங்கு என்பவை கருவிக்குக் கருவி மாறும். சிரிஞ்சுக்குள் போனதை எண்ணிப் பார்க்கும் இடங்கள் அரிது. பெரும் தொகை கொடுத்து வாங்கும் பொருளில் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்கும் தெரியாது, பல சமயம் விற்பவருக்கும் தெரியாது என்ற நிலை மருத்துவத்தின் பிற துறைகளில் இவ்வளவு எளிதாக ஏற்கப்படாது.

மீயொலிக் கருவியைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் டெனெக்ஸ் என்ற பெயரில் புழங்குவது, மேயோ கிளினிக்குடன் இணைந்து உருவானது. சில மில்லிமீட்டர் அளவே வெட்டி, ஊசி போன்ற முனையை உள்ளே நுழைக்கிறார்கள். அம்முனை மீயொலி அதிர்வெண்ணில் அதிர்ந்து சிதைந்த திசுவைக் குழைவாக்க, கூடவே ஓடும் உப்புநீர் அதைக் கழுவி வெளியே இழுத்துவிடுகிறது. மற்ற இரண்டும் நோயுற்ற திசுவைக் குத்திக் கிளறுகின்றன, இது அதை அகற்றுகிறது. நாணுக்குள் சுண்ணாம்புப் படிவு இருப்பவர்களுக்கு இந்த வேறுபாடு பொருளுள்ளதாக இருக்கலாம். இடுப்பு நாணில் 2020இல் வெளியான ஆய்வில் 29 பேரைச் சராசரியாக 22 மாதம் தொடர்ந்து பார்த்து நல்ல முன்னேற்றத்தைப் பதிவுசெய்தார்கள். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு அதில் இல்லை. நாள்பட்ட நாண் வலி ஓராண்டில் தானாகவும் ஓரளவு குறையும் என்பதை லீப் ஆய்வின் பொறுத்திருந்த குழுவிலேயே பார்த்தோம். எனவே ஒப்பீட்டுக் குழு இல்லாத முன்னேற்றத்தை அப்படியே சிகிச்சையின் கணக்கில் எழுதிவிட முடியாது. இதற்காக உங்கள் தாயாரை விமானம் ஏற்ற வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

குளுக்கோஸ் கரைசலைச் செலுத்தும் புரோலோதெரபிக்கு இந்த நாணில் சான்று மெலிது என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்டெம் செல் ஊசி என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்; ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்ற ஏற்கப்பட்ட சில தேவைகளைத் தவிர, முறையான ஆய்வுக்கு வெளியே அதைச் சிகிச்சையாகத் தருவதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல் ஏற்கவில்லை.

ஊசியைத் தேர்வதற்கு முன் நோய் இதுதானா என்று உறுதிசெய்வதும் முக்கியம். நடுவயதைக் கடந்தவரின் எம்.ஆர்.ஐ.யில் நாண் சிதைவு தென்படுவது வலி இல்லாதவர்களிடமும் உண்டு. எலும்புப் புடைப்பின் மேல் அழுத்தினால் அந்த வலியே வருகிறதா, வலியுள்ள காலில் முப்பது நொடி ஒற்றையாக நின்றால் அதே இடத்தில் வலி எழுகிறதா என்று பார்க்க வேண்டும். இவை இரண்டும் இல்லாமல் வலி தொடையிடுக்கில் இருந்தால் மூட்டுத் தேய்மானத்தையும், முழங்காலுக்குக் கீழே ஓடி மதமதப்பாக இருந்தால் முதுகுத்தண்டு நரம்பையும் முதலில் சந்தேகிக்க வேண்டும். இவ்வாறு வேறிடத்து வலிக்கு இடுப்பில் எந்த ஊசியைப் போட்டாலும் கேட்காது.

பயிற்சியைப் பற்றி ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ‘பிசியோதெரபி பார்த்தாயிற்று, பலனில்லை’ என்று வருபவர்களிடம் விசாரித்தால், பத்து நாள் ஒத்தடமும் மின்தூண்டலும்தான் நடந்திருக்கும். லீப் ஆய்வில் கொடுத்தது அதுவல்ல. எட்டு வாரத்தில் 14 அமர்வுகள், தினமும் வீட்டில் பயிற்சி, படிப்படியாகக் கூடும் சுமை. அதோடு நாணை எலும்போடு அழுத்தி நசுக்கும் பழக்கங்களை விடச் சொல்லும் அறிவுரை. கால்மேல் கால் போட்டு உட்காருவது, பேருந்து நிறுத்தத்தில் ஒரு பக்க இடுப்பைத் தொங்கவிட்டு நிற்பது, பேரக் குழந்தையை எப்போதும் ஒரே இடுப்பில் சுமப்பது, தாழ்ந்த சோபாவில் புதைவது, முழங்கால்களுக்கு நடுவே தலையணை இல்லாமல் ஒருக்களித்துப் படுப்பது ஆகியவையெல்லாம் இந்த நாணை இடைவிடாமல் நசுக்குபவை. ‘இழுத்துவிட்டால் சரியாகும்’ என்று காலைக் குறுக்கே இழுத்து நீட்டும் பயிற்சி பலரும் சொல்லிக்கொடுப்பது. அதுவும் நாணை நசுக்கவே செய்யும்.

உங்கள் தாயாருக்கு நான் சொல்லும் வரிசை இது. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டுக்கு அடங்காத சர்க்கரையில் எந்தக் காயமும் மெதுவாகவே ஆறும், தொற்று வாய்ப்பும் கூடும். மேலே சொன்ன பயிற்சியை மூன்று மாதம் தாருங்கள். அதன் பிறகும் அன்றாட வாழ்க்கையை முடக்கும் வலி இருந்தால் அல்ட்ராசவுண்டு வழிகாட்டுதலுடன் துளையிடலைச் செய்துகொள்ளலாம். பணம் ஒரு பொருட்டில்லை, சான்றின் வரம்பைப் புரிந்துகொண்டேன் என்றால் அத்துடன் பி.ஆர்.பி.யைச் சேர்த்துக்கொள்வதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. இது நோயாளியின் சொந்த ரத்தம் என்பதால் ஒவ்வாமை அச்சம் குறைவு, ஸ்டீராய்டைப் போலச் சர்க்கரையை ஏற்றுவதும் இல்லை. இரண்டில் எதுவானாலும், திரையில் ஊசிமுனையைப் பின்தொடர்ந்து பழகிய கை வேண்டும். சிரிஞ்சில் இருப்பதைவிட ஊசி எங்கே போகிறது என்பதே அதிகம் தீர்மானிக்கும் என்பது என் கருத்து.

செய்துகொள்வதற்கு ஒரு வாரம் முன்பிருந்து, பின்பு சில வாரம் வரை, புரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலிமாத்திரைகளைத் தவிர்க்கச் சொல்வார்கள், பாரசிட்டமால் எடுக்கலாம். இதயத்துக்காக ஆஸ்பிரினோ வேறு ரத்த உறைவுத் தடுப்பு மருந்தோ எடுப்பவராக இருந்தால், இதய மருத்துவரைக் கேட்காமல் எதையும் நிறுத்தக் கூடாது. ஊசிக்குப் பின் முதல் சில நாள்கள் வலி முன்னைவிடக் கூடும். காயப்படுத்தித் தூண்டுவதுதான் நோக்கம் என்பதால் இது எதிர்பார்க்க வேண்டியதே. காய்ச்சல், சிவந்து பரவும் வீக்கம், நீர்க்கசிவு ஆகியவை அப்படியல்ல, உடனே காட்ட வேண்டியவை. ஓரிரு வாரம் மெதுவாக நடந்து, பிறகு அதே பயிற்சியைக் கீழ்ப்படியிலிருந்து தொடங்க வேண்டும். பலனை மதிப்பிட மூன்று மாதம் ஆகும்; மூன்றாவது வாரத்தில் ‘கேட்கவில்லை’ என்று இன்னொரு ஊசிக்குப் போகாதீர்கள்.

அறிக்கையில் உள்ள சிறு பகுதிக் கிழிசல் இவை எதற்கும் தடையல்ல. ஆனால் நடக்கும்போது இடுப்பு ஒரு பக்கம் சரிந்து நொண்டுவது, படுத்த நிலையில் காலைப் பக்கவாட்டில் தூக்கவே முடியாமல் போவது என்ற நிலை வந்தால், நாண் முழுவதும் அறுந்திருக்கலாம். அப்போது எந்த ஊசிக்கும் வேலையில்லை; தசை கொழுப்பாக மாறிப்போவதற்குள் எலும்பு மூட்டு அறுவை மருத்துவரிடம் காட்டி, நாணை எலும்பில் மீண்டும் தைத்துப் பொருத்த வேண்டுமா என்று கேட்க வேண்டும்.